ஏலக்காரர் வீட்டு ஜெபம்

ஏலக்காரர் ஜெபம் செய்ய ஆரம்பித்தால், நாலு வீடு தள்ளிக் குக்கர் வைத்தவள்கூட விசிலை எண்ண மறந்துவிடுவாள். அப்படி ஒரு தொண்டை அவருக்கு. பழ மண்டியில் தினமும் விடியற்காலையில் மரப்பெட்டி மேல் ஏறி நின்று, லாரி இரைச்சலையும் கூலியாட்கள் கூச்சலையும் அமுக்கிவிட்டு, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று கூவிக் கூவி உரமேறிய தொண்டை. வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் அடங்கிப் பேசுவோம் என்கிற பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. உப்புக் கேட்டாலும் ஏலம்தான், கடவுளைக் கூப்பிட்டாலும் ஏலம்தான்.

"கடவுளுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மெதுவாத்தான் கேளுங்களேன்" என்பாள் அவர் மனைவி தையல்காரம்மா.

"அவருக்குக் கேக்கும். எனக்குக் கேக்க வேணாமா?" என்பார் அவர்.

தையல்காரம்மாவின் வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். அளவு கொடுக்க வந்த ஒருத்தி, "போன வருஷம் தச்சது ஆறே மாசத்துல குட்டையாப் போச்சே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். "துணி வளராதும்மா, பிள்ளைதான் வளரும்" என்று தொடங்கி, வந்தவளைத் தெருமுனை வரைக்கும் வார்த்தையாலேயே தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டுத்தான் ஓய்வாள். ஆனால் சாயங்காலம் ஏழு மணி அடித்துவிட்டால் அந்த வாய்க்குப் பூட்டு. மெஷினிலிருந்து காலை எடுப்பாள், ஊசியில் நூல் தொங்கினாலும் அப்படியே விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்காருவாள். அவர் வேதத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பார், பிறகு ஜெபம். கல்யாணமான நாளிலிருந்து அவள் பங்கு கடைசியில் ஓர் "ஆமென்". வீட்டில் மற்ற எல்லா இலாகாவும் அவளுடையது. இது ஒன்று அவருடையது.

வெளியே கேலி செய்வாளே தவிர உள்ளுக்குள் அவளுக்குப் பெருமை பிடிபடாது. முடிந்தால் தாரும், சித்தமானால் பாரும் என்று இழுத்து இழுத்துக் கேட்கிற ஜெபம் இல்லை அவருடையது. "விலை கேக்குறப்ப தயங்கினா சரக்கு அடுத்தவன் வண்டில ஏறிடும்" என்பார். ஒவ்வொரு வேண்டுதலையும் மூன்று முறை சொல்வார். மூன்றாம் முறை சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி வந்துவிடும், காரியம் முடிந்த மாதிரி. மழை, காய்ச்சல், விருந்தாளி, எதுவும் ஏழு மணியை அசைத்ததில்லை. ஒரு முறை கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர், மணியைப் பார்த்துவிட்டு எச்சில் கையோடு எழுந்தார். மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒரே வெட்கம். "ஒரு நாள் விட்டா என்னப்பா?" என்று கேட்டாள்.

"ஒரு நாள் வந்து ஒரு நாள் வராதவனை மண்டில வியாபாரின்னு சொல்ல மாட்டாங்க, வேடிக்கை பாக்க வந்தவன்னுதான் சொல்லுவாங்க" என்றார்.

அந்தத் தொண்டையில்தான் நோய் வந்தது. முதலில் கரகரப்பு. கத்திக் கத்திப் புண்ணாகிவிட்டது என்று வெந்நீரில் காலம் தள்ளினார். கடைசியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டு, குரல் பெட்டியையே எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்தால் ஆள் பிழைப்பார், பேச்சு போகும். ஆபரேஷனுக்கு முந்தைய சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, இருந்த கொஞ்சநஞ்சக் குரலில் அவர் ஜெபித்தார். டாக்டரின் கைக்காகக் கேட்டார், உயிருக்காகக் கேட்டார், குரலையும் கேட்டார். மூன்று மூன்று முறைதான். உயிர் கிடைத்தது. குரல் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கழுத்தின் அடியில் மூச்சுக்கு ஒரு துளை. அதைத் தூசி படாமல் மூடிவைக்க ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணி கொடுத்திருந்தார்கள். தையல்காரம்மா அதைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். மிச்சத் துணிகளைத் தேடியெடுத்து, அவர் சட்டை ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற நிறத்தில், ஓரம் மடித்து, நாடா வைத்து வரிசையாகத் தைத்துப் போட்டாள். "தொங்குறதுதான் தொங்குது, பொருத்தமா தொங்கட்டும்" என்றாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு அவரும் தலையாட்டினார். பேசுவதற்குக் கையில் ஒரு சிலேட்டு.

அன்று ஏழு மணிக்கு அவள் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் சிலேட்டைத் திருப்பிக் காட்டினார். "இனி ஜெபம் வேண்டாம். அவரவர் மனசுக்குள் போதும்" என்று எழுதியிருந்தது.

அவள் உள்ளங்கையால் அதை அழித்தாள்.

"டாக்டர் உங்க குரலைத்தான் எடுத்தாரு. ஏழு மணியை எடுக்கலை" என்றாள். "கண்ணை மூடுங்க. நான் பண்றேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கண்ணை மூடியதும் தெருவே நடுங்குகிற அந்த வாய்க்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. யூனிஃபார்ம் விஷயமா இது, வாய்க்கு வந்தபடி அளக்க? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஜெபம், அவர் ஜெபம். தினமும் கேட்டுக் கேட்டு மனப்பாடமானது. சரி, அதையே பிடித்துக்கொள்வோம் என்று தொடங்கினாள். தொடங்கியதும் நூல் ஓட ஆரம்பித்துவிட்டது. மண்டிக் கூலியாட்களுக்காகக் கேட்டாள், மகளுக்காகக் கேட்டாள், மருமகனுக்காகக் கேட்டாள், எல்லாம் அவரைப் போலவே மும்மூன்று முறை. அட, நமக்கும் வருகிறதே என்று குரலில் கொஞ்சம் தெம்பு ஏறியது.

"கர்த்தாவே, என் மனைவிக்கு நாவடக்கத்தைத் தாரும். என் மனைவிக்கு நாவடக்கத்தைத் தாரும். என் மனைவிக்கு..."

மூன்றாவது முறைதான் அவளுக்கே உறைத்தது. எதிர் நாற்காலி கடகடவென்று ஆடியது. கண்ணைத் திறந்தால், மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சத்தமே இல்லை, கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொள்கிறது, கண்ணில் தண்ணீர். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை. கோபப்படலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு அவளும் சிரித்தாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டுட்டே இருக்கீங்க. ஒண்ணும் கிடைச்ச மாதிரி தெரியலையே?"

அவர் சிலேட்டை எடுத்து எழுதினார். "விடமாட்டேன். நாளைக்கும் கேள்."

மறுநாளிலிருந்து அவள் தன் சொந்த வாயாலேயே ஜெபிக்கத் தொடங்கினாள். அவர் ஜெபம் மாதிரி இல்லை. வாடிக்கைக்காரியிடம் பேசுகிற மாதிரிதான் கடவுளிடமும் பேசினாள், ஆனால் மரியாதையோடு. "இன்னிக்கு மூணாவது வீட்டுக்காரிகிட்ட அதிகமாப் பேசிட்டேன், தப்புதான். ஆனா அவ பேசினதையும் நீர் கேட்டீர்" என்பாள். நாற்காலி லேசாக ஆடும். ஏழு மணி தவறவில்லை.

புண் ஆறியதும் ஆஸ்பத்திரியில் பேச்சு டீச்சர் என்று ஒரு சின்னப் பெண் வந்தாள். குரல் பெட்டி இல்லாமலும் பேசலாம் என்றாள். வாயால் காற்றைக் கவ்வி உணவுக் குழாயில் இறக்க வேண்டும், உடனே அதை மேலே கொண்டுவர வேண்டும், வருகிற சத்தத்தில் எழுத்தைக் கோக்க வேண்டும். "அது ஏப்பம்தானே?" என்று தையல்காரம்மா கேட்டுவிட்டாள். "ஏப்பம்தாம்மா. ஆனா படிச்ச ஏப்பம்" என்றாள் அந்தப் பெண். அவளை அன்றே தையல்காரம்மாவுக்குப் பிடித்துப்போனது.

பலர் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று டீச்சர் எச்சரித்திருந்தாள். ஏலக்காரரா விடுவார்? மண்டிக்குக் கிளம்புகிற அதே இருட்டு நேரத்தில் எழுந்து, முகம் கழுவி, சட்டை மாற்றி, அதற்குப் பொருத்தமான கழுத்துத் துணி கட்டிக்கொண்டு, சமையலறை மேஜையில் உட்காருவார். முதலில் மனசுக்குள் ஜெபம். பிறகு பயிற்சி. கா, பா, டா. காற்று உள்ளே போகும், திரும்பி வராது. வந்தால் எழுத்து வராது. வயிறு உப்பிப்போய் நெளிவார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அவருடைய அம்மி பல வாரம் அசையவே இல்லை. படுக்கையில் கிடந்தபடி அவள் அந்த வெறும் காற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எழுந்து போய், போதும் விடுங்கள் என்று சொல்லலாம்போல இருக்கும். சொல்லவில்லை.

ஒரு நாள் காலை சமையலறையிலிருந்து, சிமெண்டுத் தரையில் மரப்பெட்டியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"டீ."

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் தாமே ஆச்சரியப்பட்டுப்போய் உட்கார்ந்திருந்தார். "ஆண்பிள்ளை வாயைத் திறந்ததும் முதல் வேலை டீ கேக்குறதா?" என்று அதட்டிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பால் பொங்கி வழிந்தது. அவளுக்குக் கண் தெரிந்தால்தானே?

அதற்குப் பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. போதும், கதவு, பேப்பர், கத்தாதே. கடைக்குப் போய்த் தாமே பேட்டரி கேட்டு வாங்கிவந்தார். கடைக்காரர் முதலில் மிரண்டு போனாராம். இவர் நிதானமாக மறுபடி காற்றைக் கவ்வி மறுபடி கேட்டாராம். டீச்சர் மற்ற நோயாளிகளை அழைத்துவந்து அவரைக் காட்டினாள். தையல்காரம்மா அன்று அவருக்கு நீலச் சட்டையும் நீலக் கழுத்துத் துணியும் போட்டு அனுப்பியிருந்தாள். அவரும் தலை நிமிர்ந்துதான் நடந்தார்.

ஏழு மணிக்கு மட்டும் அந்தத் தலை குனிந்துவிடும்.

"இன்னிக்கு நீங்க பண்ணுங்க" என்பாள். அவர் கையை மட்டும் ஆட்டுவார். கொஞ்ச நாள் கழித்து மறுபடி கேட்பாள். மறுபடி கைதான். கடைசியில் ஒரு நாள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"டீ கேக்க ஆகுது. பேட்டரி கேக்க ஆகுது. கடவுள்கிட்ட கேக்க மட்டும் ஆகாதா?"

அவர் சிலேட்டைத் தேடினார். அவள் எடுத்து ஒளித்துவைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் காற்றைக் கவ்வினார்.

"அழுக்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சின்ன வயதில் மகள் ஜெபத்தின் நடுவே ஏப்பம் விட்டால், எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொன்ன மனுஷர் இவர். வயிற்றிலிருந்து வருகிற இந்தச் சத்தத்தில் கடவுள் பெயரைச் சொல்வதா என்று கூசிப்போய் நிற்கிறார். கூசினால் போகட்டும். எப்போதும் கடவுளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, கொடும் என்று கேட்டவர், இப்போது ஏழு மணிக்கு ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"உங்க குரல் போனதுக்குக்கூட நான் இவ்வளவு அழலை" என்றாள். "இப்படிக் குனிஞ்சு உக்காராதீங்க. எனக்கு வயிறு எரியுது."

போதகர் ஒரு நாள் வந்து பார்த்தார். இருதயத்தில் செய்கிற ஜெபமும் ஜெபமே என்று ஆறுதல் சொன்னார். ஏலக்காரர் வேகமாகத் தலையாட்டினார். போதகர் படியிறங்கியதும், "ரொம்பத்தான் தலையாட்டினீங்க" என்று ஒரு வெட்டு வெட்டிவிட்டு அவள் மெஷினில் போய் உட்கார்ந்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆளிடம் வேறென்ன பேசுவது?

மகள் வெகு தூரத்து ஊரில் இருந்தாள், பிள்ளைத்தாய்ச்சி. தினமும் போன் செய்வாள். அப்பாவிடம் அவள் பேச, இவர் போனை விரலால் தட்டுவார். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. "பேசக் கத்துக்கிட்டீங்களாமே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா" என்று கெஞ்சுவாள். இரண்டு தட்டு. சின்ன வயதிலிருந்து பரீட்சையோ, வேலைக்கு நேர்காணலோ, எதற்குக் கிளம்பினாலும் அப்பாவின் ஜெபத்தைக் காதில் வாங்கிக்கொண்டுதான் கிளம்புவாள். இப்போது அம்மா ஜெபித்தாள். மகள் "ஆமென்" சொல்லுவாள், சொல்லிவிட்டு, "அப்பா பக்கத்துல இருக்காராம்மா?" என்று கேட்பாள்.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று இவர்கள் அடுத்த வாரத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். குழந்தைக்கு டிக்கெட் கதையெல்லாம் தெரியுமா? ஒரு நாள் முற்பகலில், தையல்காரம்மா ஒரு காலருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மருமகன்.

"அத்தை, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. குழந்தை குறுக்கே இருக்காம். உடனே ஆபரேஷன்ங்கிறாங்க. உள்ளே கூட்டிட்டுப் போகப் போறாங்க, அதுக்குள்ள உங்ககிட்டப் பேசணும்ங்கிறா."

அவள் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேஜையில் வைத்தாள். ஏலக்காரர் பக்கத்து அறையிலிருந்து வந்து நின்றார். மகளின் மூச்சு முதலில் கேட்டது, பிறகு அழுகை.

"அம்மா, பயமா இருக்கும்மா."

"பயப்படாதேடி கண்ணு. கண்ணை மூடு. கர்த்தாவே..." என்று தொடங்கியவளுக்கு அதற்குமேல் வரவில்லை. இத்தனை மாதம் தடங்கலில்லாமல் ஓடிய வாய், பெற்ற பிள்ளை அழுததும் அடைத்துக்கொண்டது.

"அம்மா, அப்பா எங்கே? அப்பாவைப் பண்ணச் சொல்லும்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏலக்காரர் பதற்றத்தில் பழைய சிலேட்டை எப்படியோ கண்டுபிடித்து எடுத்திருந்தார். அவசர அவசரமாக எழுதினார். எழுதி முடித்து, அதைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். "பயப்படாதே. அப்பா ஜெபிக்கிறேன்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

போன் சும்மா கிடந்தது. "அப்பா? அப்பா இருக்கீங்களா?" என்றாள் மகள்.

தையல்காரம்மா படித்துச் சொல்லியிருக்கலாம். ஒரு நொடி வேலை. வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அவர் சிலேட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார். சிலேட்டை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தார். வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு காற்றைக் கவ்வினார்.

"கர்த்..." என்று வந்தது. நின்றுவிட்டது. அவர் முகம் சிவந்தது. மறுபடி கவ்வினார். "...தாவே."

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண் குழந்தை, தாயும் சுகம். தாத்தாவைப் போலத் தொண்டை. ஆனால் அந்த முற்பகலில் அது யாருக்கும் தெரியாது. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தையல்காரம்மாவுக்கு மட்டும், எது எப்படிப் போனாலும் பரவாயில்லை என்பது போல, பயத்துக்கு நடுவே ஏதோ ஒன்று நெஞ்சை நிறைத்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் அவர் நிறுத்தவில்லை.

"என் பிள்ளை" என்றார். காற்று. "கூட இரும்." காற்று. "கூட இரும்." குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. "கூட இரும்." அழகான குரலா அது? இல்லவே இல்லை. கட்டைக் குரல், கரடு முரடு, இரண்டு சொல்லுக்கு ஒரு முறை அறுந்து போகிற குரல். ஆனால் கேட்கிற விதம் பழைய விதம். கெஞ்சல் இல்லை, இழுப்பு இல்லை. கொடுக்கிறவரை நன்றாகத் தெரிந்தவர் கேட்கிற மாதிரி கேட்டார். டாக்டரின் கைக்காகக் கேட்டார். பேரப்பிள்ளையின் மூச்சுக்காகக் கேட்டார். இந்த ஆளுக்குப் பதிலாகவா நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன் என்று தையல்காரம்மா நினைத்துக்கொண்டாள். கண்ணை மூட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டு கண்ணாலும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போனின் மறுபக்கத்தில் சக்கரக் கட்டில் உருளும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு நர்ஸ் அவசரமாகப் பேசினாள்.

"நேரமாச்சும்மா, கிளம்பணும். என்ன இது, போன்ல கரகரன்னு ஒரே சத்தம்? லைன் கெட்டுப்போச்சா?"

"லைன் நல்லாத்தான் இருக்கு" என்றாள் மகள். அழுகை நின்றிருந்தது. "எங்கப்பா ஜெபம் பண்றாரு. இன்னும் முடிக்கலை. கொஞ்சம் இருங்க."